ஏரியா எப்படி?

கும்பகோணத்திலிருந்து சென்னைக்குக் குடிபெயரப் போகிறோம் என்று சொன்னதும் உறவினர்கள் முதலில் கொடுத்தது, எந்தெந்தப் பகுதிகளில் வீடு பார்க்கவே கூடாது என்ற பட்டியல். நெடுங்காலமாகச் சென்னையில் இருக்கும் சித்தப்பா ஒன்று கொடுத்தார்; என் கணவரின் அலுவலக நண்பர் வேறொன்று கொடுத்தார். இரண்டிலும் வியாசர்பாடியும் கண்ணகி நகரும் இருந்தன. அங்கே அப்படி என்ன நடக்கிறது என்று கேட்டால், 'ஏரியா சரியில்லை' என்பதற்கு மேல் இருவரிடமும் பதில் இல்லை. கண்ணகி நகர், நகருக்குள் ஆற்றோரங்களிலும் கால்வாய்க் கரைகளிலும் குடிசை போட்டு வாழ்ந்தவர்களை 2000-ஆம் ஆண்டிலிருந்து கொண்டுபோய்க் குடியமர்த்திய இடம். வியாசர்பாடி பல தலைமுறைகளாகக் கால்பந்து வீரர்களைத் தந்துகொண்டிருக்கும் இடம். ஏழைகள் வாழும் இடத்தை ஆபத்தான இடம் என்று சொல்லிவிடுவது நம் வீடுகளில் வெகு இயல்பாக நடக்கிறது. அந்தப் பட்டியல்களில் பாதி இப்படி உருவானவை என்றே நினைக்கிறேன்.

மறுபக்கத்தையும் பார்க்க வேண்டும். 2025 மார்ச் மாதத்தில் ஒருநாள் காலை, நடைப்பயிற்சிக்குப் போன வயதான பெண்கள் பலரிடம் அடுத்தடுத்துச் சங்கிலி பறிக்கப்பட்டது. அது நடந்த இடங்கள் பெசன்ட் நகர், திருவான்மியூர், கிண்டி போன்றவை. எங்கள் உறவினர்கள் கண்ணை மூடிக்கொண்டு பரிந்துரைக்கும் பகுதிகள். பறித்தவர்கள் அந்தப் பகுதியைச் சேர்ந்தவர்களும் அல்லர். வெளிமாநிலத்திலிருந்து வந்து, விமானத்தில் தப்பிச் செல்ல முயன்றபோது பிடிபட்டவர்கள். ஆகவே ஏரியாவின் பெயரை ஒதுக்கிவைத்துவிட்டு, எங்கள் வீட்டிலுள்ள ஒவ்வொருவருக்கும் எதனால், எந்த நேரத்தில், எந்த இடத்தில் தீங்கு வரக்கூடும் என்று தனித்தனியாக யோசித்துப் பார்ப்பது என்று நானும் கணவரும் முடிவு செய்தோம். ஒன்பதாம் வகுப்புக்குப் போகும் மகள், மூன்றாம் வகுப்பிலிருக்கும் மகன், முழங்கால் வலியால் மெதுவாக நடக்கும் என் மாமியார், இரவுப் பணி முடிந்து வரும் கணவர், நான். திருடனைப் பற்றிய பயம் ஐவருக்கும் பொதுவானது. மற்றவை ஆளுக்கு ஆள் மாறுகின்றன.

முதலில் தண்ணீர். சென்னையில் ஒரு குடும்பத்தின் பாதுகாப்பைப் பற்றிப் பேசுகிறவர்கள் வெள்ளத்தைத் தனி விஷயமாக ஒதுக்கிவைப்பது எனக்குப் புரியவில்லை. வேகமாகப் படியேற முடியாத ஒரு பெரியவர் தரைத்தளத்தில் இருக்கும்போது, இரவில் ஏறும் தண்ணீரைவிடப் பெரிய ஆபத்து வேறென்ன இருக்கிறது? 2015 டிசம்பர் வெள்ளம் என்றாலே எல்லோரும் செம்பரம்பாக்கம் ஏரியைச் சொல்கிறார்கள். ஆனால் முடிச்சூரில் வீடுகளுக்குள் புகுந்தது செம்பரம்பாக்கத்து நீர் அன்று. ஆதனூர்ப் பக்கத்து ஏரிகள் நிரம்பி அடையாற்றில் வந்த நீர். செம்பரம்பாக்கத்தின் உபரி நீர் அதற்கும் கீழே, திருநீர்மலை அருகில்தான் ஆற்றோடு சேர்கிறது. மணப்பாக்கம், ஜாபர்கான்பேட்டை, சைதாப்பேட்டை, கோட்டூர்புரம் ஆகியவற்றுக்குத்தான் அந்த நீர் போனது. 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல் வந்தபோது வேளச்சேரியும் பள்ளிக்கரணையும் நாள்கணக்கில் மூழ்கியதற்குக் காரணம் வேறு. தென்சென்னையின் பல ஏரிகளிலிருந்து வழியும் நீரெல்லாம் பள்ளிக்கரணைச் சதுப்புநிலத்துக்கு வந்து, ஒக்கியம் மடுவு வழியாகப் பக்கிங்காம் கால்வாயை அடைந்து கடலுக்குப் போக வேண்டும்; அந்தச் சதுப்புநிலமோ குப்பைக் கிடங்காலும் கட்டடங்களாலும் சுருங்கிப் போய், எஞ்சிய பகுதிக்கு 2022-இல்தான் உலக அளவில் முக்கியமான ஈரநிலம் என்ற ராம்சார் அங்கீகாரம் கிடைத்தது. ஒரு தெரு 2015-இல் தப்பித்தது என்பதால் 2023-இலும் தப்பித்திருக்கும் என்று சொல்ல முடியாது. எனவே 'இங்கே தண்ணீர் நிற்குமா?' என்று பொதுவாகக் கேட்பதை விட்டுவிட்டு, 2015-இல் எதுவரை வந்தது, 2021 நவம்பரில் எதுவரை, மிக்ஜாமின்போது எதுவரை என்று ஆண்டைச் சொல்லியே கேட்டோம்.

வீட்டு உரிமையாளரும் புரோக்கரும் இதற்குச் சொல்லும் பதிலை நம்பக் கூடாது. அவர்களுக்கு வீடு போக வேண்டும். தெருமுனையில் இஸ்திரி வண்டி வைத்திருப்பவரும் காலையில் பால் போடுபவரும் பொய் சொல்ல வேண்டிய தேவை இல்லாதவர்கள். மடிப்பாக்கத்தில் நாங்கள் பார்த்த ஒரு வீட்டுக்கு 'சொட்டுத் தண்ணீர்கூட நிற்காது' என்று உத்தரவாதம் கொடுக்கப்பட்டிருந்தது. இஸ்திரிக்காரர் தன் இடுப்பைத் தொட்டுக் காட்டினார். கேட்க ஆள் கிடைக்காவிட்டாலும் தெருவே சொல்லிவிடும். மதில் சுவரில் ஒரே மட்டத்தில் ஓடும் கறை, பழைய வீடுகள் சாலையைவிடத் தாழ்ந்தும் புதிய வீடுகள் நான்கைந்து படி உயர்ந்தும் நிற்பது, மின் மீட்டர் பெட்டியை எல்லோரும் மேலே ஏற்றி மாட்டியிருப்பது ஆகியவற்றைக் கண்டால் அங்கே வாடகை ஏன் குறைவு என்று கேட்க வேண்டியதில்லை. பழைய சாலையைச் சுரண்டி எடுக்காமல் அதன்மேலேயே மறுபடி மறுபடி தார் போட்டுப் போனதால், கட்டியபோது மேடாக இருந்த வீடுகள்கூடப் பள்ளமாகிவிட்டன.

தேங்கிய நீரோடு சேர்ந்து வருவது மின்சாரம். 2017 நவம்பரில் கொடுங்கையூரில் மழைநீரில் அறுந்து கிடந்த மின்கம்பியை மிதித்து இரண்டு சிறுமிகள் இறந்து போனார்கள். அதனால் சென்னையில் தெருவுக்குத் தெரு நிற்கும் மின் விநியோகப் பெட்டிகளான பில்லர் பாக்ஸ்களின் கதவு மூடியிருக்கிறதா, கம்பிகள் வெளியே தொங்குகின்றனவா, மழைநீர் வடிகாலின் மூடிகள் சரியாக இருக்கின்றனவா என்று பார்த்துக்கொண்டே நடந்தோம். மூன்றாம் வகுப்புப் பையனுக்கு அந்தப் பெட்டிகள் சரியாக அவன் கைக்கெட்டும் உயரத்தில் இருக்கின்றன. மாடுகளையும் சேர்த்துக்கொள்ள வேண்டும். 2023 ஆகஸ்டில் அரும்பாக்கத்தில் பள்ளி விட்டு வந்த ஒரு சிறுமியை மாடு முட்டித் தூக்கிப்போட்ட காட்சியைப் பார்த்த பிறகு என் மகன் எந்த மாட்டைக் கண்டாலும் தெருவின் அந்தப் பக்கம் போய்விடுகிறான். கும்பகோணத்துப் பிள்ளை இப்படிப் பயப்படுவது வேடிக்கைதான், ஆனாலும் நான் அவனைத் திருத்தவில்லை.

சாலையைப் பற்றி நீட்டிச் சொல்ல வேண்டியதில்லை. சென்னையில் கொலையில் இறப்பவர்களைவிடச் சாலை விபத்தில் இறப்பவர்கள் பல மடங்கு அதிகம். பிள்ளைகள் மெயின் ரோட்டைக் கடக்காமல் பள்ளிக்குப் போக முடியுமா, கடக்கத்தான் வேண்டுமென்றால் அங்கே சிக்னல் இருக்கிறதா, தண்ணீர் லாரிகள் எந்த நேரத்தில் ஓடுகின்றன என்பவற்றைப் பார்த்தாலே பல வீடுகள் கழிந்துவிடும். வேன் என்றால் உதவியாளர் உண்டா என்று கேட்பேன். 2012-இல் தாம்பரம் அருகே பள்ளிப் பேருந்தின் தரையிலிருந்த ஓட்டை வழியே விழுந்து ஒரு சிறுமி இறந்த பிறகே தமிழக அரசு பள்ளி வாகனங்களுக்குத் தனி விதிகள் கொண்டுவந்தது; பள்ளி நடத்தும் பேருந்துகளில் ஓரளவு நடைமுறையிலிருக்கும் அந்தக் கண்டிப்பைத் தனியார் வேன்களிலும் ஷேர் ஆட்டோக்களிலும் எதிர்பார்க்க முடியாது.

மகள் டியூஷன் முடிந்து இரவு எட்டரைக்குத் திரும்பும் வழிதான் எங்களுக்குள் அதிக விவாதத்தை உண்டாக்கியது. பழைய மகாபலிபுரம் சாலையில் காவலாளியும் கேமராவும் கொண்ட பெரிய குடியிருப்பு ஒன்று கணவருக்கு மிகவும் பிடித்துவிட்டது. உள்ளே எல்லாம் ஒழுங்காகத்தான் இருந்தது. ஆனால் பேருந்து நிறுத்தத்திலிருந்து அதன் வாயில்வரை காலி மனைகளுக்கு நடுவே போகும் சாலையில் இரண்டு விளக்குகளுக்கு ஒன்று எரியவில்லை. அந்தத் தூரத்துக்குக் காவலாளி பொறுப்பல்லர். மருந்துக் கடை, பூக்காரம்மா, மாவு மில், டீக்கடை என்று ஆள் நடமாட்டம் இருக்கும் நெரிசலான பழைய தெருவே இதைவிட மேலானது என்பது என் கட்சி. சத்தம் அதிகம் என்றார் கணவர். சத்தம் இருந்துவிட்டுப் போகட்டும் என்றேன். டாஸ்மாக் கடை எங்கே இருக்கிறது என்பதையும் பார்த்தோம். மாநகராட்சி எல்லைக்குள் பள்ளியிலிருந்தும் கோவிலிலிருந்தும் 50 மீட்டர் தள்ளி இருந்தாலே விதிப்படி போதும் என்பதால் விதியை நம்பிப் பயனில்லை. கடை மூடுவது இரவு பத்து மணிக்கு. தெருவின் உண்மையான குணம் அதையொட்டிய அரைமணி நேரத்தில் தெரியும். பகலில் வீடு பார்த்து அட்வான்ஸ் கொடுத்துவிட்டு வருகிறவர்களுக்கு இது தெரிய வாய்ப்பே இல்லை.

காவல் துறையின் எண்களைத் தேடிப் பார்க்கலாமே என்று தம்பி சொன்னான். தேசியக் குற்ற ஆவணக் காப்பகம் ஆண்டறிக்கையில் சென்னை முழுவதற்கும் சேர்த்துத்தான் கணக்குத் தருகிறது. ஒரு தெருவுக்கு அது எதையும் சொல்லாது. உச்ச நீதிமன்றம் 2016-இல் உத்தரவிட்டதன்படி முதல் தகவல் அறிக்கைகள் இணையத்தில் ஏற்றப்படுகின்றன என்றாலும், பாலியல் குற்றங்கள் போன்ற உணர்வுபூர்வமான வழக்குகளுக்கு அதிலிருந்து விலக்கு உண்டு. அது சரியான விலக்குதான்; ஆனால் பெண் பிள்ளையைப் பெற்றவள் எதை அறிய விரும்புகிறாளோ அது அங்கே கிடைக்காது. தவிர, புகாரை வாங்கிப் பதிவு செய்யும் காவல் நிலையத்தின் எல்லையில் குற்றம் அதிகமாகத் தெரியும். திருப்பி அனுப்பும் நிலையத்தின் எல்லை அமைதிப் பூங்காவாகத் தெரியும். ஒன்றை மட்டும் உறுதி செய்துகொள்வது நல்லது: 2022 ஜனவரியில் தாம்பரமும் ஆவடியும் தனிக் காவல் ஆணையரகங்களாகப் பிரிந்த பிறகு, புறநகரில் நமக்குரிய நிலையம் எது, அது எந்த ஆணையரகத்தின்கீழ் வருகிறது என்பது அங்கே குடியிருப்பவர்களுக்கே சில சமயம் தெரிவதில்லை.

இவ்வளவு பார்த்தும் ஒரு மழைக்காலத்தை அங்கே கழிக்காமல் எதுவும் உறுதியில்லை என்பதால், தேவைப்பட்டால் எளிதாகக் கிளம்ப முடிய வேண்டும் என்பதையும் ஒரு நிபந்தனையாக வைத்தோம். சென்னையில் பத்து மாத வாடகையை அட்வான்ஸாகக் கேட்பது பழைய வழக்கம். 2019-இல் நடைமுறைக்கு வந்த தமிழக வாடகைச் சட்டம் மூன்று மாதம் என்கிறது. ஆனால் இரு தரப்பும் வேறுவிதமாக ஒப்புக்கொண்டால் அதற்கும் இடமுண்டு என்பதால் பலர் இன்னும் பழைய கணக்கையே கேட்கிறார்கள். பெருந்தொகை ஒருவர் கையில் மாட்டிக்கொண்டால், தெரு சரியில்லை என்று தெரிந்த பிறகும் குடும்பம் அங்கேயே கிடக்கும்.

நங்கநல்லூரில் முதல் தளத்தில் ஒரு வீட்டை மூன்று மாத அட்வான்ஸுக்குப் பேசி முடித்திருக்கிறோம். மாமியாருக்குப் படி ஏறுவது சிரமம், லிஃப்ட் இல்லை. கைப்பிடிச் சுவரோடு இன்னொரு பக்கமும் குழாய் பொருத்தித் தருவதாக உரிமையாளர் ஒப்புக்கொண்டிருக்கிறார், தரைத்தளம் வேண்டவே வேண்டாம் என்று சொன்னதும் மாமியார்தான். கோவில்களும் கடைகளும் இருப்பதால் இரவு ஒன்பதுக்கும் தெருவில் ஆள் இருக்கிறது. கணவர் வேலைக்குப் போக, பக்கத்திலுள்ள பழவந்தாங்கல் ரயில் நிலையத்திலிருந்து கிண்டி இரண்டாவது ஸ்டேஷன். பழவந்தாங்கல் சுரங்கப்பாதை பெருமழையில் நிரம்பிவிடும் என்பதை அங்கே எல்லோரும் சொன்னார்கள். எனவே இரண்டு பிள்ளைகளுக்கும் ரயில் பாதையைக் கடக்க வேண்டாத பக்கத்திலேயே பள்ளி பார்த்திருக்கிறோம். கேமரா பதிவு வேலை செய்கிறதா என்று குடியிருப்போர் சங்கச் செயலாளரிடம் கேட்டதற்கு, அடுத்த வாரம் பார்த்துச் சொல்கிறேன் என்றிருக்கிறார். ஜூன் முதல் வாரத்தில் சாமான்களை ஏற்றுகிறோம்.