66 மில்லிமீட்டரும் அப்பாவின் புதுக் கண்ணும்

இசைத்தட்டைச் சுழற்றிப் பாடவைக்கும் டர்ன்டேபிளுக்குப் புது கார்ட்ரிட்ஜ் (ஊசி பொருத்திய சின்னப் பெட்டி) மாட்டுவதாக இருந்தால் முதலில் மின்விசிறியை நிறுத்த வேண்டும். இல்லாவிட்டால் ஊசியை நேராக்க உதவும் அளவுத்தாள் பறந்துவிடும். சென்னையில், அதுவும் மே மாதத்தில் செய்து பாருங்கள், இசைமேல் எவ்வளவு பக்தி என்று தெரிந்துவிடும்.

எல்பி இசைத்தட்டில் பாட்டின் பள்ளத்தை முதலில் வெட்டிப் பதியும்போது ஊசி நேர்கோட்டில் நகரும். நம் வீட்டு டோன்ஆர்ம், அதாவது ஊசியைத் தாங்கும் கை, ஒரு முனையில் நிலையாக இருப்பதால் வளைந்துதான் போகும். ஆகவே தட்டு முழுக்கப் பள்ளத்தோடு ஊசியின் கோணம் சரியாக அமையாது, இரண்டே இடத்தில்தான் பொருந்தும். 1938-ல் லோஃப்கிரென், 1941-ல் பேர்வால்ட் என்ற ஆய்வாளர்கள் போட்ட கணக்கின்படி இன்று பலர் அந்த இரண்டு இடங்களை வைப்பது தட்டின் நடுவிலிருந்து 66 மி.மீ., 120.9 மி.மீ. தூரத்தில். இது தப்பினால் கடைசிப் பாட்டில் பாடகி 'ஸ' என்று சொல்லும் இடமெல்லாம் குக்கர் விசில்.

இந்த இடங்களைக் குறித்த அளவுத்தாளை ஜெராக்ஸ் கடையில் பிரின்ட் எடுத்தேன். ஸ்கேல் வைத்துப் பார்த்தால் 66 வர வேண்டிய இடத்தில் 63. "ஓரம் கட்டாகாம பேஜுக்கு ஃபிட் பண்ணிக் குடுத்திருக்கேன் சார்" என்றார் கடைக்காரர், பெருமையாக. சுருக்காமல் இன்னொன்று கேட்டேன். அதற்கும் காசு வாங்கிக்கொண்டார்.

வீட்டில் அடுத்த கூத்து. கார்ட்ரிட்ஜுக்குள் காந்தம் இருக்கிறது. ஸ்க்ரூடிரைவரைப் பக்கத்தில் கொண்டுபோனாலே சடக்கென்று இழுக்கிறது. ஊசிக்கு மூடி போட்டிருந்தும் எனக்கு உயிரே போய் வந்தது. எறும்பு சைஸ் திருகுகள் வேறு.

"ஊசியை வெச்சாப் பாடப்போகுது, இதுக்கு எதுக்குடா ஜியோமெட்ரி?" என்று கேட்டுக்கொண்டே வந்தார் அப்பா. போன மாதம்தான் கண்புரை ஆபரேஷன் முடிந்திருந்தது. புதுக் கண், அதன்மேல் ரீடிங் கிளாஸ். லென்ஸும் டார்ச்சுமாக நான் தடவிக்கொண்டிருந்ததை ஒரு தடவை குனிந்து பார்த்தவர், "இடது பக்கம் திரும்பியிருக்கு" என்றார். நம்பாமல் மொபைலில் படம் எடுத்துப் பெரிதாக்கினேன். திரும்பித்தான் இருந்தது.

அப்புறம் பொறுப்பு கைமாறியது. "கொஞ்சம் வலது... போதும், முடுக்கு." ஊசி தட்டை அழுத்த வேண்டிய எடை 2 கிராம் என்றேன். "கால் பவுனா!" என்று அதற்கும் பக்கத்தில் நின்று சரிபார்த்தார்.

கடைசிப் பாட்டு சுத்தமாகப் பாடியது. மறுநாள் வந்த சித்தப்பாவிடம் அப்பா சொன்னார்: "திருகை மட்டும் இவன் முடுக்கினான். மத்ததெல்லாம் நான்தான்."