வீட்டிலேயே படிக்க வைப்பதா? எட்டாம் வகுப்புக்குள் முடிவெடுங்கள்

பிள்ளையைப் பள்ளியிலிருந்து நிறுத்தலாமா என்று கேட்பவர்களிடம் நாங்கள் முதலில் கேட்பது வயதைத்தான். 6 முதல் 14 வயதுவரை பயம் வேண்டாம். 2009ஆம் ஆண்டின் கல்வி உரிமைச் சட்டப்படி, இடையில் நின்ற பிள்ளையையும் வயதுக்கேற்ற வகுப்பில் சேர்த்தாக வேண்டும். டி.சி. தாமதம் என்றோ வருடப் பாதியில் வந்தீர்கள் என்றோ மறுக்க முடியாது. அதே சட்டத்தின் 10ஆம் பிரிவு, பள்ளியில் சேர்ப்பது பெற்றோரின் கடமை என்கிறது. தண்டனை ஏதும் சொல்லவில்லை.

சிக்கல் ஒன்பதாம் வகுப்பில் தொடங்குகிறது. சி.பி.எஸ்.இ.யில் ஒன்பதாவது படிக்காமல் நேரே பத்தாவதில் சேர முடியாது. ஆகவே எட்டு முடியும்போதே, பள்ளிக்குத் திரும்புவதா, பள்ளிக்குப் போகாமலே திறந்தநிலையில் தேர்வு எழுதுவதா என்று தீர்மானித்துவிட வேண்டும்.

தேசியத் திறந்தநிலைப் பள்ளி நிறுவனத்தில் (என்.ஐ.ஓ.எஸ்.) பத்தாவதுக்குப் பதிய 14 வயது நிறைந்திருக்க வேண்டும். பள்ளிச் சான்று இல்லாவிட்டால் சுய உறுதிமொழி போதும். 5 பாடங்கள், அதில் ஒரு மொழியாவது கட்டாயம், தமிழ் எடுக்கலாம். தேர்ச்சிக்கு 33 விழுக்காடு. பதிவு 5 ஆண்டுகள் செல்லும், 9 முறை எழுதலாம். எல்லாப் பாடத்தையும் ஒரே தடவையில் முடிக்கத் தேவையில்லை என்பது மெல்லப் படிக்கும் பிள்ளைகளுக்குப் பெரிய வரம்.

பலரும் தடுக்கி விழுவது இனிஷியலில். பிறப்புச் சான்றிதழில் பின்னால், ஆதாரில் முன்னால், இன்னொன்றில் அப்பா பெயர் முழுதாக என்று இருக்கும். பதிவில் கொடுத்தபடிதான் மதிப்பெண் சான்றிதழ் அச்சாகும், பிறகு கல்லூரிச் சேர்க்கை, பாஸ்போர்ட் என்று ஒவ்வொன்றிலும் இடிக்கும். பதியும் முன் எல்லாவற்றையும் ஒன்றாக்கிவிடுங்கள். அடுத்தது ஒப்படைப்பு (அசைன்மென்ட்): எழுத்துத் தேர்வு மதிப்பெண்ணில் 20 விழுக்காடு அதற்கு. கெடு தவறினால் அது போய்விடும். அறிவியல் எடுத்தால் செய்முறைத் தேர்வும் உண்டு.

வீட்டில் வளரும் பிள்ளைகள் பாடம் தெரிந்தும் தேர்வில் திணறுவதற்குக் காரணம் கைவேகம். மூன்று மணி நேரம் இடைவிடாமல் எழுதிப் பழக்கமே இருக்காது. ஆறு மாதம் முன்பிருந்து வாரம் ஒருமுறை பழைய வினாத்தாளைக் கடிகாரம் வைத்து எழுத வையுங்கள்.

அரசுப் பள்ளியிலிருந்து நிறுத்துவதாக இருந்தால் மட்டும் இரண்டு முறை யோசியுங்கள். மருத்துவம், பொறியியல் படிப்புகளில் 7.5 விழுக்காடு உள் ஒதுக்கீடும், கல்லூரியில் மாதம் 1,000 ரூபாய் தரும் புதுமைப்பெண் திட்டமும் ஆறாவது முதல் பன்னிரண்டாவது வரையிலான படிப்பைப் பார்த்தே கிடைக்கின்றன. நடுவில் விட்ட வருடங்களைப் பிறகு ஈடுசெய்ய வழியில்லை.