வரைபடத்தில் வெறும் மணல்

கிழக்குக் கடற்கரைச் சாலையை ஒட்டிய குப்பங்களில் நில அளவைக்குப் போகிறவர்கள் கையில் முதலில் இருப்பது வருவாய்த் துறைப் பதிவேடு. வீடுகள் உள்ள பகுதி நத்தம். அங்கிருந்து அலை வரை பெரும்பாலும் புறம்போக்கு. தாளில் பார்த்தால் காலியிடம். களத்தில் இறங்கினால் ஊரின் பிழைப்பு முழுவதும் அங்கேதான் நடக்கிறது: ஃபைபர் படகு ஏற்றும் கரை, வலை பின்னும் கொட்டகை, நெத்திலி காயும் மேடு, ஏலம் விடும் இடம்.

ஒரு குப்பத்தில் கடற்கரை மேலாண்மை வரைபடத்துக்காக அளவு எடுத்தபோது மூத்த மீனவர் ஒருவர் கூடவே நடந்து வந்தார். படகுகள் நின்ற வரிசையை நான் குறித்ததும் தடுத்தார். "தம்பி, இது சித்திரைக் கரை. ஐப்பசியில் வந்து அளந்து பாருங்கள்." வாடை கிளம்பினால் கடல் மணலை அரித்துக்கொண்டு ஏறும், படகுகளை இன்னும் மேலே இழுக்க வேண்டும். அந்த மேட்டில் இப்போது ஒரு சொகுசு விடுதியின் மதில் நிற்கிறது. கோடையில் வந்து பார்ப்பவருக்கு அது யாருக்கும் தேவைப்படாத நிலம். மழைக்காலத்தில் அது இல்லையென்றால் படகு உடையும்.

மீன் காயவைக்கும் தளம், மீனவர்களின் பொது இடங்கள் எல்லாவற்றையும் வரைபடத்தில் காட்ட வேண்டும் என்று 2011 கடலோர ஒழுங்குமுறை மண்டல அறிவிக்கையே சொன்னது. 2019 ஜனவரியில் வந்த அடுத்த அறிவிக்கை, மக்கள் நெருக்கம் மிகுந்த ஊரகக் கடற்கரைகளில் கட்டுமானத் தடைப் பரப்பை 200 மீட்டரிலிருந்து 50 மீட்டராகச் சுருக்க வழி செய்தது. மழைக்காலக் கரை படத்தில் இல்லையென்றால், அந்த 50 மீட்டருக்கு அப்பால் அடுத்த மதில் எழும்போது ஊரார் எதைக் காட்டி மறுப்பார்கள்?

சாலையும் அடுக்குமாடிகளும் வந்ததில் நன்மையே இல்லை என்று குப்பத்தில் யாரும் சொல்லவில்லை. மீன் விற்கும் பெண்களுக்கு வாடிக்கையாளர்கள் கூடியிருக்கிறார்கள். பிள்ளைகள் வேலைக்குப் போகிறார்கள். ஆனால் படகை ஏற்ற இடமில்லாத மீனவன் கடலுக்கே போக முடியாது. எனக்கு இதில் இரண்டாவது கருத்து இல்லை.

அலுவலகத்தில் ஒரே பருவத்தின் அளவு போதும் என்றார்கள். நான் ஐப்பசிக் கரையைப் பெரியவர் சொன்ன அடையாளங்களோடு தனி அடுக்காக வரைந்து அறிக்கையில் சேர்த்தேன். கருத்துக் கேட்புக் கூட்டத்தில் எடுத்துக் காட்டட்டும் என்று ஊர்ப் பஞ்சாயத்தாரிடமும் ஒரு நகல் கொடுத்திருக்கிறேன்.