பழைய வில்லிஸ் எஞ்சினுக்குச் சங்கிலியா, கியரா?

குலசேகரம் பக்கம் ரப்பர் தோட்டத்தில் கிடந்த ஒரு பழைய வில்லிஸ் ஜீப்பை வாங்கி, நாகர்கோவிலில் வீட்டுக்குப் பின்னால் உள்ள ஷெட்டில் வைத்துச் சரிசெய்து வருகிறேன். நாலு சிலிண்டர் பெட்ரோல் எஞ்சின், 134 கன அங்குலம், அதாவது சுமார் 2.2 லிட்டர். பிஸ்டன், பேரிங் வேலை முடிந்தது. இப்போது டைமிங் பக்கம், அதாவது பிஸ்டன் ஓட்டத்தோடு வால்வுகள் திறந்து மூடும் நேரத்தைப் பொருத்தும் வேலைக்கு வந்திருக்கிறேன்.

இந்த எஞ்சினில் இரண்டு வகை உண்டு. இரண்டாம் உலகப் போர்க்கால ஜீப்புகளில், வால்வுகளைத் திறக்கும் கேம் ஷாஃப்டைச் சங்கிலி சுற்றும். போருக்குப் பின்னால் வந்தவற்றில் கிராங்க் (பிஸ்டன்களால் சுழலும் தண்டு) கியரும் கேம் கியரும் நேரடியாகப் பல்லோடு பல் கடிக்கும். என்னுடையது சங்கிலி.

எஞ்சினைப் பிரிக்கும் முன்பே சங்கிலியின் தளர்ச்சியை அளந்து வைத்திருந்தேன். பிளக்குகளைக் கழற்றி, பிளக்குகளுக்கு மின்சாரம் பங்கிடும் டிஸ்ட்ரிபியூட்டரின் மூடியைத் திறந்து, கிராங்கை முன்பக்கமாகச் சுற்றி நிறுத்த வேண்டும். அப்புறம் பைய பின்னுக்குத் திருப்பி, டிஸ்ட்ரிபியூட்டருக்குள் சுழலும் ரோட்டர் எப்போது அசையத் தொடங்குகிறது என்று பார்க்க வேண்டும். அதுவரை கிராங்க் திரும்பிய கோணம்தான் தளர்ச்சி. எனக்குப் பத்து டிகிரிக்கு மேல் வந்தது. சங்கிலியின் ஊசிகள் தேய்ந்து நீளம் கூடினால் கேம் பின்தங்கும், வால்வுகள் தாமதமாக மூடும், குறைந்த வேகத்தில் இழுவை போய்விடும். பேச்சிப்பாறை ஏற்றத்தில் வண்டி மூச்சு வாங்கியது இதனால்தான் என்பது என் கணிப்பு. டிஸ்ட்ரிபியூட்டரும் கேமோடு சேர்ந்தே பின்தங்கும். அதைக் கொஞ்சம் திருப்பி வைத்தால் பொறி நேரம் சரியாகிவிடும். வால்வு நேரம் அப்படியேதான் இருக்கும். குறை வெளியே தெரியாமல் பல வருடம் ஓட இதுவே போதும்.

தெரிந்த மெக்கானிக் அண்ணாச்சி, "சங்கிலியைக் கழத்திட்டு கியர் போட்டிரும், பின்ன அந்தப் பக்கமே பாக்க வேண்டாம்" என்றார். எனக்கும் ஆசைதான். ஆனால் சங்கிலியில் கிராங்கும் கேமும் ஒரே திசையில் சுற்றும். இரண்டு கியர் நேராகக் கடித்தால் கேம் எதிர்த்திசையில் சுற்றும். என் கேமை அப்படியே வைத்துக் கியர் மட்டும் மாட்டினால் வால்வுகள் முறை தப்பித் திறக்கும். கேம் ஷாஃப்ட், அது சுற்றும் ஆயில் பம்ப் எல்லாமே கியர் எஞ்சினுடையதாக இருக்க வேண்டும். அமெரிக்க வி8 எஞ்சின்களுக்கு விற்கும் கியர் செட்டில் நடுவே கூடுதல் கியர் வைத்துத் திசையைக் காப்பாற்றுகிறார்கள். அதன் கீச்சொலியைச் சிலர் விரும்பியே போடுகிறார்கள். எனக்கு அது வேண்டாம்.

இன்னொன்றும் உண்டு. இந்த எஞ்சினின் கேம் கியர் சத்தம் குறைய ஃபைபரில் செய்தது. பழசாகிப் பற்கள் உதிர்ந்தால் வண்டி நின்ற இடத்திலேயே நின்றுவிடும். சங்கிலி தளர்ந்தால் முன்மூடிக்குள் சலசலத்துச் சொல்லிவிடும். தோட்டத்துப் பாதையில் தனியாக ஓட்டுகிறவனுக்கு அந்த எச்சரிக்கை பெரிது.

ஆகவே சங்கிலியே. சென்னை ஜெனரல் பேட்டர்ஸ் சாலையிலிருந்து சங்கிலியையும் இரண்டு பல்சக்கரங்களையும் சேர்த்தே வரவழைத்தேன். தேய்ந்த பல்லில் புதுச் சங்கிலி போட்டால் அதுவும் சீக்கிரம் தேயும். இரண்டு சக்கரத்துக் குறிகளும் ஒன்றையொன்று பார்க்கும்படி, இரும்பு ஸ்கேலைத் தண்டுகளின் மையத்தோடு வைத்துச் சரிபார்த்து மாட்டியாயிற்று. கிராங்கை முழுதாக இரண்டு சுற்றுச் சுற்றினால் குறிகள் மறுபடி நேருக்கு நேர் வருகின்றன.

அடுத்தது ஆயில் பம்ப். அதன் தண்டுதான் டிஸ்ட்ரிபியூட்டரையும் சுற்றுகிறது. தண்டு நுனியில் உள்ள காடி நடுவில் இல்லாமல் ஒரு பக்கம் தள்ளியிருப்பதால், முதல் சிலிண்டரின் பிஸ்டன் கம்ப்ரஷன் உச்சியில் நிற்கும்போது சரியான பல்லில் பார்த்து இறக்க வேண்டும்.