காவியச் சிற்றோவியங்களைத் தேர்வுக்குப் படித்த விதம்

கலை வரலாற்று முதுகலைத் தேர்வில் நான் முதன்முறை சறுக்கியது, ராமாயண, மகாபாரதச் சிற்றோவியங்களைக் காட்டி விளக்கம் கேட்ட பகுதியில்தான். முகலாய, ராஜஸ்தானி, பஹாரி (இமயமலைச் சாரல் சமஸ்தானங்களின்) பாணிகளின் இயல்புகளை மனப்பாடம் செய்திருந்தேனே ஒழிய, ஓர் ஓவியத்தையாவது கதையோடு ஒட்டி ஊன்றிப் பார்த்ததில்லை.

சறுக்கிய படம், ராஜஸ்தானின் மேவார் அரசில் உருவான மேவார் ராமாயணத்தைச் சேர்ந்தது. மகாராணா ஜகத் சிங்குக்காக 1649 முதல் 1653 வரை உருவான இச்சுவடியில் 400-க்கும் மேற்பட்ட ஓவியங்கள் இருந்தன. அவற்றில் பெரும்பகுதி பிரிட்டிஷ் நூலகத்தில் உள்ளது. இதன் யுத்த காண்டத்தைத் தீட்டிய சாஹிப்தீன், ஒரே பாத்திரத்தை ஒரே தாளில் பலமுறை வரைந்து கதையை நகர்த்துபவர். வீழ்ந்துகிடக்கும் ராம லட்சுமணரைச் சீதையும் திரிசடையும் புஷ்பக விமானத்திலிருந்து காணும் அக்காட்சியை நான் பிரம்மாஸ்திர நிகழ்ச்சி என்று எழுதிவிட்டேன். கம்பனில் ‘சீதை களம் காண் படலம்’ பிரமாத்திரப் படலத்தை அடுத்தே வருவதால் நேர்ந்த பிழை அது. வால்மீகியிலோ நாகபாசத்தால் இருவரும் கட்டுண்டதுமே சீதை அழைத்து வரப்படுகிறாள். மேவார் சுவடி வால்மீகியின் மூலத்தைத் தழுவியது. கம்பனில் ஊறிய நம் மாணவர்கள், ஓவியத்துக்கு அடிப்படையான நூல் எது என்பதை முதலில் உறுதி செய்துகொள்வது நல்லது. அக்பர் பாரசீகத்தில் மொழிபெயர்க்கச் செய்த மகாபாரதமான ரஸ்ம்நாமாவுக்கும் இதுவே பொருந்தும்.

இரண்டாம் முறை, ஒவ்வொரு படத்தையும் பென்சிலால் கட்டம் கட்டமாகக் கிறுக்கி, நிகழ்ச்சிகளின் வரிசைக்கு எண்ணிட்டேன். வரையத் தெரியாத எனக்கே இது கைகொடுத்தது; கண் எந்தத் திசையில் பயணிக்கிறது என்பதைச் சொல்ல முடிந்ததும் விடை தானாக நீண்டது.

பஹாரி ஓவியங்களைச் சமஸ்தானவாரியாகப் பிரித்துப் படிப்பதோடு நிறுத்திவிடக் கூடாது. பாணிக்கு அடிப்படை ஓவியக் குடும்பமே என்று கலை வரலாற்றாளர் பி. என். கோஸ்வாமி வாதிட்டதை விடையில் சேர்த்தால், பஹாரி ஓவியர் பண்டித சேயுவையும் அவர் மைந்தர்களான மானக்கு, நைன்சுக் இருவரையும் ஒரே இழையில் பேசலாம். 1725-ஐ ஒட்டி மானக்கு வரைந்த இலங்கை முற்றுகைத் தொடரின் பெரிய தாள்களுள் சில, வண்ணம் ஏறாமல் கோட்டோவியமாகவே நின்றுவிட்டன. கடைசி வாரத்தில் நான் அதிகம் பார்த்தவை அவைதாம். நிறத்தைக் கண்டு பாணியை ஊகிக்கும் என் பழைய குறுக்குவழி அங்கே செல்லுபடியாகவில்லை.