வாட்ச் 380னு சொன்னா 380ஐயும் சாப்பிட்டுடணுமா?

வாக்கிங் ஆரம்பிச்சப்போ 80 கிலோ இருந்தேன், ஆறு வாரம் கழிச்சு மெஷின்ல ஏறி நின்னா 81. நடுவுல ஒரு நாள் கூட டிமிக்கி குடுக்கல. வாரத்துக்கு அஞ்சு நாள், 45 நிமிஷம், சட்டை நனையற அளவுக்கு நடந்திருக்கேன், வாயில போட்டதை எல்லாம் ஆப்ல எழுதியிருக்கேன், அது போட்ட கோட்டை ஒரு நாளும் தாண்டல. அப்புறம் எப்படிடா ஏறுச்சுன்னு ஒரு ஞாயித்துக்கிழமை பேப்பர் பேனாவோட உக்காந்தப்போதான் கதை புரிஞ்சுது. இதே கேள்வியை இப்போ ரெண்டு பேர் என்கிட்ட கேட்டுட்டாங்க, எக்சர்சைஸ்ல எரிச்ச கலோரியை திருப்பி சாப்பிடலாமா வேணாமான்னு, அதான் எழுதிடலாம்னு.

நான் என்ன பண்ணிட்டிருந்தேன்னா, வீட்டுக்குள்ள நுழையறப்போ வாட்ச் ஒரு தடவை கையில அதிரும், பாத்தா 380 கலோரி எரிச்சாச்சுன்னு இருக்கும். அந்த நம்பர் தானா ஆப்புக்குப் போய் ‘இன்னிக்கு மீதி’ங்கற இடத்துல பச்சை கலர்ல கூடிடும். ஷூவைக் கூட கழட்டாம நேரா சமையல்கட்டுக்குப் போய் வேர்க்கடலை டப்பாவைத் திறப்பேன், தராசுல கிண்ணத்தை வச்சு 30 கிராம் போட்டா 170 கலோரி, இன்னொரு 30 கிராம், மிச்சம் இருக்கற கணக்கை நேர் பண்றதுக்கு பாதி வாழைப்பழம். அவ்ளோ நேர்மையா எடை போட்டு ஏமாந்திருக்கேன். வீட்டுல ஒரு நாள் பாத்துட்டு, “நீங்க இளைக்கறதுக்கு நடக்கறீங்களா, கடலை திங்கறதுக்கு நடக்கறீங்களா?”ன்னு கேட்டா. அப்போ கோவம் வந்துச்சு. ஆனா யோசிச்சுப் பாத்தா அந்த நேரத்துல எனக்குப் பசியே இருந்ததில்ல, நடந்து வந்த உடனே யாருக்குப் பசிக்கும், தண்ணிதான் வேணும். பச்சை நம்பர் இருக்கே, விட்டா வீணாப் போயிடுமேன்னுதான் சாப்பிட்டிருக்கேன்.

சரி, கணக்குக்கு வருவோம். முதல்ல அந்த 380 எங்கேர்ந்து வந்துச்சு? வாட்ச் இதயத் துடிப்பை நல்லாவே எண்ணும், கலோரியை எண்ணாது, அனுமானம்தான் பண்ணும். 2017ல ஸ்டான்ஃபோர்டு பல்கலைக்கழகத்துல 60 பேருக்கு ஏழு விதமான கைப்பட்டைகளை மாட்டி சோதிச்சாங்க, அதுல ஆறு பட்டைங்க துடிப்பை 5 சதவீதத் தப்புக்குள்ள சரியா சொல்லுச்சு, ஆனா கலோரின்னு வந்தப்போ இருக்கறதுலயே நல்லதே சராசரியா 27 சதவீதம் தப்பு, மோசமானது 93 சதவீதம். அதுக்கப்புறம் கருவிங்க முன்னேறியிருக்கலாம், ஆனா என் கையில இருந்தது அந்தப் பரம்பரைதான்னு எனக்கு சந்தேகமே இல்ல.

வாட்ச் இல்லாம கணக்குப் போடறது ஒண்ணும் பெரிய வித்தை இல்ல. சும்மா உக்காந்திருந்தாலே ஒரு மணி நேரத்துக்கு கிலோவுக்கு சுமார் 1 கலோரி போகும். மணிக்கு அஞ்சரை கிலோமீட்டர் வேகத்துல நடந்தா அது மாதிரி 4.3 மடங்கு. அப்போ 80 கிலோ, முக்கால் மணி நேரம், 4.3ஐ பெருக்கினா 258. இதுலயும் ஒரு ஓட்டை இருக்கு பாருங்க, அந்த முக்கால் மணி நேரம் நான் சோபாவுல கிடந்திருந்தாலும் 60 போயிருக்கும், அது ஏற்கெனவே அன்னிக்கு உடம்போட செலவுல இருக்கு. அதைக் கழிச்சா நடந்ததுக்குன்னு கிடைக்கறது வெறும் 200. நான் சாப்பிட்டது 380. ட்ரெட்மில் மேல காட்டற நம்பரும் பெரும்பாலும் இந்தக் கழிக்காத நம்பர்தான்.

இது கூட பரவால்ல, என்னை உண்மையிலேயே கவுத்தது வேற. ஆப்ல சேர்றப்போ ‘வாரத்துக்கு எத்தனை நாள் உடற்பயிற்சி?’ன்னு ஒரு கேள்வி வரும், நான் பெருமையா அஞ்சு நாள்னு போட்டேன். என் உயரம், வயசு, எடைக்கு உடம்பு சும்மா கிடக்கறதுக்கு ஆகற செலவு கிட்டத்தட்ட 1650 கலோரி. நாள் பூரா உக்காந்து வேலை பாக்கறவனா இருந்தா அதை 1.2ஆல பெருக்குவாங்க, 1980 வரும். அஞ்சு நாள் எக்சர்சைஸ்னு சொன்னதால ஆப் 1.55ஆல பெருக்கி 2560ன்னு எடுத்துக்கிட்டு, அதுல 500 குறைச்சு 2060 சாப்பிடுன்னு சொல்லியிருக்கு. அதாவது என் வாக்கிங்குக்கான சாப்பாட்டை, போதாக்குறைக்கு நான் நடக்கவே நடக்காத இன்னும் கொஞ்ச தூரத்துக்கான சாப்பாட்டையும், காலையிலேயே தட்டுல வச்சிடுச்சு. அது மேல நான் திரும்பவும் 380 போட்டுக்கிட்டேன். செலவு 1980ம் 200ம் சேர்த்து 2180, வரவு 2440. நடக்காத நாள்லயும் 80 கூடுதல். ஆறு வாரத்துக்கு இதைப் பெருக்கி, ஒரு கிலோ கொழுப்புக்கு 7700 கலோரின்னு வகுத்தா ஒரு கிலோ சொச்சம் வருது. மெஷின் பொய் சொல்லல.

அதனால யாராவது திருப்பி சாப்பிடலாமான்னு கேட்டா நான் முதல்ல கேக்கறது, உங்க தினசரி அளவுல எக்சர்சைஸ் ஏற்கெனவே சேர்ந்திருக்கா இல்லியா? சேர்ந்திருந்தா பேச்சே இல்ல, ஒரு கடலை கூட கூடாது. 1.2 போட்டு எடுத்த அளவா இருந்தா மட்டும்தான் சேர்க்கலாமான்னு யோசிக்கவே இடம் இருக்கு, அப்பவும் வாட்ச் சொல்றதுல பாதிதான் என் கணக்கு.

இன்னொன்னு, உடம்பும் சும்மா இருக்காது. அதிகமா அசைஞ்சா வேற எங்கயாவது மிச்சம் பிடிக்கும். ஹெர்மன் பான்ட்ஸர்னு ஒரு ஆராய்ச்சியாளர், தான்சானியாவுல வேட்டையாடி வாழற ஹட்ஸா மக்களை அளந்து பாத்தாரு, நாள் பூரா நடக்கற அவங்களும் நாற்காலியில உக்காந்து வேலை பாக்கற ஆளுங்களும் உடம்பு அளவுக்கு ஏத்த மாதிரி பாத்தா கிட்டத்தட்ட ஒரே அளவுதான் எரிக்கறாங்கன்னு 2012ல வெளியிட்டாரு. அதெல்லாம் எனக்கு எதுக்கு, நானே என்னைக் கவனிச்சேன், காலையில நல்லா நடந்த அன்னிக்கு சாயந்திரம் மாடிக்குப் போக லிஃப்ட்டுக்குக் காத்து நிக்கறேன், ரிமோட்டை எடுக்கக் கூட பையனைக் கூப்பிடறேன்.

இதுக்காக எக்சர்சைஸ் பண்ணிட்டு பட்டினி கிடங்கன்னு நான் சொல்றதா யாரும் எடுத்துக்காதீங்க. ஓட்டம் வேற கணக்கு, ஒரு கிலோமீட்டருக்கு கிலோவுக்கு சுமார் 1 கலோரி, 80 கிலோ ஆளு 10 கிலோமீட்டர் ஓடினா 800 போயிடும், அதுக்கு சாப்பிடாம விட்டா மறுநாள் ராத்திரி பிரிட்ஜ் முன்னாடி நின்னு மொத்தமா வட்டியோட கட்டுவீங்க, நான் கட்டியிருக்கேன். ரொம்ப நாள் பத்தாம சாப்பிட்டு கடுமையா பயிற்சி பண்ற பெண்களுக்கு மாதவிடாய் நின்னு போறது, எலும்பு பலவீனம் ஆகறது எல்லாம் இருக்கு, ஒலிம்பிக் கமிட்டியே 2014ல இதுக்கு தனியா ஒரு பேர் வச்சு எச்சரிக்கை விட்டிருக்கு. சர்க்கரைக்கு இன்சுலினோ சர்க்கரையை இறக்கற மாத்திரையோ எடுக்கறவங்க இதுல என் பேச்சைக் கேக்கவே வேணாம், டாக்டரைக் கேளுங்க, லோ சுகர் விளையாட்டில்ல.

நான் இப்போ தினமும் 1700, நடந்தாலும் நடக்காட்டியும் அதே. வாட்ச்ல கலோரி பக்கத்தையே மறைச்சுட்டேன். ஞாயித்துக்கிழமை ரெண்டு மணி நேரம் சைக்கிள் மிதிக்கற அன்னிக்கு மட்டும் 300 கூட, அதையும் கடலையா இல்லாம ரெண்டு முட்டையும் பழமுமா. எப்பவும் சாப்பிடற வேளையிலயே சேர்த்துக்கறேன், முடிச்ச அரை மணிக்குள்ள சாப்பிடாட்டி தசை கரைஞ்சிடும்னு ஜிம்ல பயமுறுத்துவாங்க, அன்னிக்கு முழுசுக்கும் ப்ரோட்டீன் சரியா இருந்தா போதும். எடையை தினமும் பாத்து வாரச் சராசரி எடுக்கறேன், ரெண்டு வாரமா அசையலன்னா 100 குறைப்பேன், தலை சுத்துச்சுன்னா, தூக்கம் கெட்டுச்சுன்னா 100 ஏத்துவேன். பதினோரு வாரத்துல 81லேர்ந்து 77.

முந்தாநாள்தான் வெயிட் தூக்க ஆரம்பிச்சேன். இன்னிக்கு காலையில மெஷின்ல 700 கிராம் கூடுதல், தொடையெல்லாம் கல்லு மாதிரி வலி. புதுசா வேலை வாங்கின தசை வீங்கி தண்ணி கோக்கும், அது சேர்த்து வைக்கற சர்க்கரை ஒவ்வொரு கிராமுக்கும் 3 கிராம் தண்ணியையும் கூடவே பிடிச்சு வச்சுக்கும்னு எனக்கு நல்லாவே தெரியும், தெரிஞ்சும் மெஷினை நகத்தி வேற டைல்ஸ் மேல வச்சு மூணு தடவை ஏறிப் பாத்தேன். அதே 700தான்.