ஆறாவது கணு

சுண்டுவிரல் நகத்தளவுதான் அந்த அம்பர் துண்டு; கல்லாய் இறுகிய பழங்கால மரப்பிசின். பால்டிக் கடற்கரையைச் சேர்ந்தது. ஏறத்தாழ 4 கோடி ஆண்டுகளுக்கு முன் மரப்பிசினில் சிக்கிய ஒரு கூன்வண்டு உள்ளே கிடந்தது. நீளம் 3 மில்லிமீட்டர். மூக்கைத் தாழ்த்தி, எதையோ முகர்ந்துகொண்டிருக்கும் பாவனையில் அப்படியே உறைந்திருந்தது.

கூன்வண்டைப் புதிய இனமாக விவரித்து எழுதுபவர் முதலில் தேடுவது உணர்கொம்பை. பெரும்பாலும் அது மடக்கிய முழங்கைபோல வளைந்திருக்கும். மூக்கில் அது எங்கே பொருந்துகிறது, நீண்ட அடிக்கணுவுக்கும் நுனிக் குண்டுக்கும் நடுவே எத்தனை சிறு கணுக்கள் என்பதையெல்லாம் வைத்துத்தான் பேரினத்தை, அதாவது நெருங்கிய இனங்களின் தொகுதியை, நெருங்க முடியும். என் வண்டின் வலக்கொம்பு உடலுக்கடியில் மறைந்திருந்தது. இடக்கொம்பின் மேல் ஒரு காற்றுக்குமிழி. தெளிவாக ஐந்து கணுக்களை எண்ணினேன். மீதி குமிழிக்குப் பின்னால். நெருங்கிய உறவினங்களுக்கு ஏழு என்பதால் கட்டுரை வரைவில் நானும் 'ஏழு' என்று எழுதிவிட்டேன். பார்க்காததைப் பார்த்ததாக எழுதிய அந்த ஒரு சொல் இரண்டு இரவுகள் உறுத்தியது.

மூன்றாம் நாள் துண்டின் மறுபக்கத்தைத் தேய்க்க உட்கார்ந்தேன். நனைத்த மென்மையான உப்புத்தாளில் நான்கு இழுப்பு, கழுவல், நுண்ணோக்கி; மறுபடியும் நான்கு இழுப்பு. கை கொஞ்சம் அழுந்தினால் கால் நுனி போய்விடும், போனால் திரும்பாது. பிறகு ஒரு சொட்டு கிளிசரின் விட்டு, மேலே மெல்லிய கண்ணாடித் தகட்டை வைத்தேன். கிளிசரினில் ஒளி வளைவது ஏறக்குறைய அம்பரில் வளைவதைப் போலவே என்பதால் கீறல்கள் சட்டென்று மறைந்தன. விளக்கைப் பக்கவாட்டில் சாய்த்ததும் கொம்பு முழுதாகத் தெரிந்தது. ஒவ்வொரு கணுவின் விளிம்பிலும் நிமிர்ந்த மயிர்கள். எண்ணினேன். ஆறு. ஏழாவது இல்லவே இல்லை. ஆறாவதை அடுத்து நேராகக் குண்டு.

பேரினத்தை மாற்றி, ஒப்பீட்டுப் பகுதியை முதலிலிருந்து எழுத வேண்டியதாயிற்று. அந்த உழைப்பு எனக்குச் சுமையாகவே தோன்றவில்லை. புதிய இனத்துக்கான பெயர் இந்த ஒற்றை மாதிரியைத்தான் பற்றி நிற்கும். எது மூலமாதிரி, எந்தச் சேகரிப்பில் இருக்கிறது என்று எழுதியாக வேண்டும் என்பது விலங்கியல் பெயரிடல் விதி. நாளை சந்தேகப்படுகிறவர் இதே துண்டை எடுத்து எண்ணிப் பார்ப்பார்.

வயிற்றுப்புறத்தை வெண்படலம் மூடியிருந்தது. பால்டிக் அம்பரில் இது அடிக்கடி வரும். அழுகிய உடலைச் சுற்றி நிறைந்த நுண்குமிழிகள். எவ்வளவு தேய்த்தாலும் அது விலகாது. வயிற்றுப்புறம் பற்றிய வரியில் 'தெரியவில்லை' என்று எழுதினேன். கட்டுரையைப் பரிசீலித்த மதிப்பீட்டாளர் ஒருவர் அதை நீக்கலாமே என்றார். நீக்கவில்லை.